நாலு வைகை அணை, ஒரு டம்ளர் காபி!

கல்யாண வீடுகளில் ‘எஸ்பிரஸோ காபி’ என்று ஒரு வஸ்து கொடுப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? பந்தல் ஓரத்தில் ஒரு மெஷின் பழைய ரயில் இன்ஜின் மாதிரி ‘புஸ்ஸ்ஸ்’ என்று மூச்சுவிடும். பால், சர்க்கரை, இன்ஸ்டன்ட் தூள் மூன்றையும் நீராவியில் பொங்கவைத்து, மேலே சாக்லேட் பவுடரைத் திருநீறு மாதிரி தூவி நீட்டுவார்கள். தாலி கட்டியதைப் பார்க்காதவர்கள்கூட அந்த கியூவில் கண்டிப்பாக நின்றிருப்பார்கள்.

அதற்கும் நிஜ எஸ்பிரஸோவுக்கும் உள்ள சம்பந்தம், பன்னீர் சோடாவுக்கும் பன்னீர் பட்டர் மசாலாவுக்கும் உள்ள சம்பந்தம்தான். பெயர்ப் பொருத்தம் மட்டும்!

நிஜமான சரக்கு இத்தாலிக்காரர்களுடையது. மிலான் நகரத்து அக்கில்லே கஜ்ஜா 1938-ல், நீராவியை நம்பாமல் வெந்நீரையே அழுத்தித் தூளுக்குள் இறக்கும் முறைக்கு பேட்டன்ட் கேட்டார். இன்றைய பொதுக் கணக்கு இது: 18 கிராம் தூள், 90 டிகிரிக்கு மேல் வெந்நீர், 9 பார் அழுத்தம். 25 முதல் 30 வினாடிக்குள் 36 கிராம் காபி, மேலே பொன்னிற நுரையோடு இறங்க வேண்டும்.

9 பார் என்றால் எவ்வளவு? நம் வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. அது நிரம்பி நிற்கும்போது அந்த 71 அடித் தண்ணீர் அடியில் கொடுக்கிற அழுத்தம் சுமார் 2 பார்தான். அப்படி நாலு அணையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒரு டம்ளர் காபிக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்கும்!

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆண்டிபட்டியில் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். கூடப் பிறக்காத தம்பி. பெங்களூரில் ரெண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தேனியில் ஓர் ஆபீஸில் இருக்கிறான். பெங்களூரிலிருந்து பெட்டி, படுக்கையோடு ஒரு நாக்கையும் கொண்டுவந்துவிட்டான். அம்மா போடும் ஃபில்டர் காபியைக் குடித்துவிட்டு, “ஒரே கசப்பும்மா, வாசனையே இல்ல” என்று தினமும் குறை.

“அண்ணே, போனஸ்ல 25,000 ஒதுக்கி வச்சிருக்கேன். வீட்டுக்கே எஸ்பிரஸோ மெஷின் வாங்கிடலாம்னு. 22,000-க்கு ஒண்ணு பாத்துட்டேன். 20 பார்ணே!”

“மிச்சம் 3,000?”

“அதுக்கு ஒரு கிரைண்டர்.”

இங்கேதான் பெரும்பாலான இளைஞர்கள் சறுக்குகிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் 15 பார், 20 பார் எல்லாம் பைக் விளம்பரத்து மைலேஜ் மாதிரி. பம்பால் அவ்வளவு முடியும் என்று அர்த்தம். காபிக்கு வேண்டியது என்னவோ 9-தான்.

அந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டியது யார்? தூள்! வாய்க்கால் கரையில் ஒரே ஓர் எலி வளை இருந்தால் போதும், தண்ணீர் மொத்தமும் அந்த வழியாகத்தானே ஓடும்? காபித்தூளும் அப்படித்தான். பாதி மாவாகவும் பாதி ரவையாகவும் இருந்தால், வெந்நீர் தளர்ந்த இடமாகப் பார்த்து உடைத்துக்கொண்டு ஓடிவிடும். ரவையிலிருந்து புளிப்பும் மாவிலிருந்து கசப்பும் வந்து, ஒரே டம்ளரில் கூட்டணி ஆட்சி நடத்தும்.

பிளேடு சுற்றுகிற கிரைண்டர் என்பது சின்ன மிக்ஸி. அது அரைக்காது, கண்டபடி வெட்டும். காபிக்கு வேண்டியது ‘பர்’ கிரைண்டர். பெயரைக் கேட்டு மிரளவேண்டாம், நம் பாட்டி வீட்டுத் திருகைதான் அது. இரண்டு கல்லுக்குப் பதில் இரண்டு பல் வைத்த இரும்பு. நடுவில் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் நைஸும் வரும், கொரகொரப்பும் வரும். எல்லாத் துகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

“அப்ப 3,000 ரூபாய் கிரைண்டர்ல எஸ்பிரஸோவே வராதாண்ணே?”

வரும். அதற்கென்றே சின்ன மெஷின்களோடு இரட்டை அடி வைத்த வடிகட்டி ஒன்று தருகிறார்கள். அடியில் ஊசிமுனை அளவு ஒரே துளை. எந்தத் தூளைப் போட்டாலும் நுரை கிளம்பும். இது நோட்ஸ் படித்து பாஸ் பண்ணுகிற மாதிரி. மார்க் வரும், சப்ஜெக்ட் வராது. ஆகவே மெஷின் வாங்கினால் ஒற்றை அடி வடிகட்டியும் கூட வருகிறதா, சர்வீஸ் சென்டர் மதுரையிலாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இத்தகைய மெஷின்கள் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ‘கீ கீ’ என்று அழுதுவிட்டுப் படுத்துவிடும். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒன்று கொண்டுவருகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அது அந்த ஊர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-ஐக் கண்டால் ஒரே நாளில் உயிரை விடும்.

அடுத்து, யாரும் போடாத கணக்கு. ஒரு தடவைக்கு 18 கிராம் என்றால், 250 கிராம் பாக்கெட் 13 தடவைக்குத்தான் வரும். அதிலும் முதல் ரெண்டு, மூன்று ‘செட்டிங்’ பார்ப்பதில் ஸிங்க்கில் போகும். தினம் ரெண்டு காபி என்றால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். பாக்கெட் 400 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் சுமார் 1,700. மெஷின் ஒருமுறைச் செலவு. கொட்டை, வீட்டு வாடகை மாதிரி!

கொட்டைக்கு நாம் அலையவேண்டாம் என்பதுதான் வேடிக்கை. அதோ, மேகமலையில் விளைகிறது. வத்தலக்குண்டு பக்கம் மலையேறினால் தாண்டிக்குடி. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே அங்கே இருக்கிறது. இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி கப்பலேறிவிடுகிறது. அதை அதிகம் வாங்குவதில் பல ஆண்டுகளாக முதலிடம் யாருக்கு? இத்தாலிக்கு! அவன் நம் கொட்டையை வாங்கி எஸ்பிரஸோ குடிக்கிறான். நாம் மலையடிவாரத்தில் உட்கார்ந்து சிக்கரி குடிக்கிறோம். சட்டப்படி, சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 சதவிகிதம் இருந்தால் போதும். மீதி 49 வரைக்கும் சிக்கரி என்கிற வறுத்த வேர். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

தம்பி ஒருவழியாக மனசு மாறி, ‘கிரைண்டருக்குப் பாதி, மெஷினுக்குப் பாதி’ என்று வந்து நின்ற நேரம், அவன் அக்காவிடமிருந்து போன். ஆவணியில் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். தோட்டுக்கு என்று அவன் எடுத்துவைத்திருந்த பணத்தைத் தங்க விலை தாண்டிப் போய்விட்டது. இன்னும் 15,000 வேண்டும்.

“மாமன் சீர்ல குறை வச்சா ஊர்ல தலைகாட்ட முடியாதுண்ணே. மிச்சம் பத்துதான். காபி ஆசையை விட்டுடவா?”

“எதுக்குடா விடணும்? மெஷினை மட்டும் தள்ளிப் போடு.”

பத்தாயிரத்தில் கணக்கு இப்படி முடிந்தது. கையால் சுற்றும் நல்ல பர் கிரைண்டர் ஒன்று, ஏழாயிரம் சொச்சம். கையால் சுற்றுவதில் மோட்டாருக்குக் கொடுக்கும் காசு மிச்சம், அந்தக் காசும் பல்லுக்கே போகிறது. அடுப்பில் வைக்கிற மோக்கா பாட் ஒன்று, இரண்டாயிரத்துக்குள். 1933-ல் இத்தாலியில் பியாலெட்டி கம்பெனி கொண்டுவந்தது. அதில் அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார்தான். முக்கால் வைகை அணைகூடத் தேறாது. எஸ்பிரஸோ என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பால் ஊற்றிக் குடிக்கிற நாக்குக்கு அது தாராளம். மிச்சத்துக்குச் சிக்கரி கலக்காத, புதிதாக வறுத்த கொட்டை.

கிரைண்டரை முதலில் வாங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெஷின் ஒரே வேலைதான் செய்யும். கிரைண்டர் ஃபில்டருக்கும் அரைக்கும், மோக்கா பாட்டுக்கும் அரைக்கும், என்றைக்காவது மெஷின் வந்தால் அதற்கும் அரைக்கும்.

காதுகுத்து ஜோராக நடந்தது. மருமகள் அழுத அழுகையில் மாமன் சட்டை நனைந்ததாகக் கேள்வி. மறுநாள் காலை வீட்டு நிறைய விருந்தாளிகள். இத்தனை பேருக்கு மோக்கா பாட் எம்மாத்திரம்? தம்பி கிரைண்டரைக் கொஞ்சம் கொரகொரப்புக்குத் திருப்பி, கைவலிக்க அரைத்துக் கொடுத்தான். அம்மா தன் பழைய பித்தளை ஃபில்டரில் போட்டு இறக்கினார். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு, “அம்மா, பிரமாதம்!” என்றான்.

அம்மா டபராவைக் கீழே வைத்தார்.

“இத்தன மாசமா எங்காப்பியக் குறை சொன்னியேடா... குத்தம் தூள்லதானே இருந்துச்சு? எங் கையிலயா இருந்துச்சு?”

மெஷின் அடுத்த போனஸுக்கு. அதற்குள் அக்காவின் இரண்டாவது மகளுக்குக் காது குத்தாமல் இருக்கவேண்டும்!