சொன்ன பிறகு என்ன?

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் வருகிற ஊர் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயரின் தாய் நாகலாம்பாவின் பெயரைத் தாங்கிய ஊர். வேதநாராயண சுவாமி கோயிலுக்காக வெளியூர்க்காரர்களும் அறிந்த ஊர். சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 2022-ல் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. எல்லை ஊர்களுக்கே உரிய வழக்கப்படி இங்கே கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும்.

ஒரு பையனை நாலு பேர் சேர்ந்துகொண்டு தினமும் படுத்தி எடுப்பதற்கு இந்த இரண்டு மொழிகளிலும் வார்த்தைகள் உண்டு. தமிழில் கேலி, கிண்டல், வம்பு, சீண்டல் என்போம். தெலுங்கில் 'ஏடிபிஞ்சடம்' என்பார்கள். நேரடிப் பொருள், அழ வைப்பது. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். நம் வார்த்தைகள் எல்லாம் செய்கிறவன் பக்கத்திலிருந்து வந்தவை. அவனுக்கு அது விளையாட்டு. தெலுங்கு வார்த்தையோ படுகிறவனின் பக்கம் நிற்கிறது. அவனுக்கு அது அழுகை. பிள்ளை வீட்டுக்கு வந்து "கிண்டல் பண்றாங்க" என்று சொன்னால், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று நாம் கேட்டுவிட்டுப் போவதற்கு இந்த வார்த்தையும் ஒரு காரணம்.

எது விளையாட்டு, எது கொடுமை என்பதைப் பிரித்துச் சொன்னவர் நார்வே நாட்டு உளவியலாளர் டான் ஓல்வியஸ். 1982-ல் அந்த நாட்டில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் தொல்லையே காரணமாக இருக்கக்கூடும் என்று தெரிந்ததும் நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே பள்ளிகளில் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. ஓல்வியஸ் சொன்ன அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, திருப்பிக் கொடுக்க முடியாதவனிடம் செய்வது. மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு பேரும் சம பலத்தில் கிண்டல் செய்துகொண்டால் அது நட்பு. ஒருவன் மட்டுமே வாங்கிக் கட்டிக்கொண்டால் அது வேறு. 2019-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறக்குறைய மூன்று மாணவர்களில் ஒருவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் இதை அனுபவித்திருக்கிறார்.

நாகலாபுரம் போன்ற ஊரில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு மேற்படிப்புக்கு இரண்டு திசைகள்: ஆந்திரப் பக்கம் புத்தூர், திருப்பதி, தமிழகப் பக்கம் திருவள்ளூர், சென்னை. எந்தப் பக்கம் போனாலும் ராகிங்குக்கு எதிரான மாநிலச் சட்டம் ஒன்று காத்திருக்கிறது. ஆச்சரியமான ஒற்றுமை, இரண்டுமே 1997-ல் வந்தவை.

தமிழகச் சட்டத்தின் பின்னணி தெரிந்ததுதான். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தரின் மகன் அவர். மூத்த மாணவர் ஒருவருக்கு 1998-ல் கடலூர் நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. வழக்கு முடிய பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அந்தச் சட்டத்தில் ராகிங் செய்கிற மாணவனுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்பது பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காமல் இருக்கும் கல்வி நிறுவனத் தலைவர் அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். ஆந்திரச் சட்டத்திலும் இதே போன்ற பிரிவு உண்டு. பிள்ளை சொன்ன பிறகு பெரியவர்கள் சும்மா இருப்பதும் குற்றத்தின் ஒரு பகுதி என்பதை இரண்டு மாநிலங்களும் அன்றே எழுதி வைத்துவிட்டன.

இந்தப் பிரிவைக் கல்லூரி முதல்வர்கள் மட்டுமல்ல, நாம் எல்லோருமே படிக்க வேண்டும். காரணம், நாம் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: "எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லு." சொன்ன பிறகு நாம் என்ன செய்வோம் என்பதை மட்டும் சொல்வதில்லை. பிள்ளைகள் அதைத்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாக இருப்பதில்லை என்பதே வேதனை.

நாங்குநேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ படித்த தலித் மாணவர் ஒருவர், வேறு சாதியைச் சேர்ந்த சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தது. அது சரியான காரியம். மாணவர் நடந்ததைச் சொன்னார். அதுவும் சரியான காரியம். அதைத் தொடர்ந்து 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு அவருடைய வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் மாணவர்கள். புகார் வெளியே தெரிந்த நிமிடத்திலிருந்து பாதுகாப்பு தேவைப்பட்டது அந்த வீட்டுக்குத்தான். அது இல்லை. அடுத்த ஆண்டு அந்த மாணவர் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார் என்பது அவருடைய மன உறுதி.

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் 2016 ஜூன் மாதம் நடந்தது வேறு விதம். இளம்பெண் ஒருவரின் முகத்தை வேறு படத்தில் ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டான் ஒருவன். தந்தை போலீசில் புகார் கொடுத்தார். நாட்கள் ஓடின. படம் நீக்கப்படுவதற்கு முன் அந்தப் பெண் உயிரை விட்டார். வீட்டாரே தன்னை நம்பவில்லை என்ற துக்கமும் அவருக்கு இருந்தது. போலீஸ் தரப்பில் நேர்ந்த தாமதத்துக்காக மாவட்ட எஸ்.பி. வெளிப்படையாக மன்னிப்பு கேட்டார்.

இரண்டு சம்பவங்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் மௌனமாக இருக்கவில்லை. பேசினார்கள். நாங்குநேரியில் பேசியதற்குப் பழி வாங்கினார்கள்; இளம்பிள்ளையில் பேசியதற்குப் பலனே இல்லை. ஆபத்து உச்சத்துக்குப் போவது பிள்ளை வாய் திறந்த அடுத்த சில நாட்களில்தான்.

செல்போன் வந்த பிறகு இந்த நாட்கள் சில மணி நேரங்களாகச் சுருங்கிவிட்டன. முன்பெல்லாம் நாலு மணிக்குப் பள்ளி மணி அடித்தால் வதையும் நின்றுவிடும். வீடு ஒரு தப்பிக்கும் இடம். இப்போது வகுப்பின் வாட்ஸ்அப் குழு ராத்திரி பதினோரு மணிக்கும் விழித்திருக்கிறது. வகுப்பறையில் நாற்பது பேர் பார்த்தது, இன்ஸ்டாகிராமில் ஊரே பார்க்கும் காட்சியாகிறது. ஒருவன் ஆரம்பித்ததை மற்றவர்கள் 'ஃபார்வர்ட்' செய்கிறார்கள். தாங்களும் அடிக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. படத்தை ஒட்டி வெட்ட இப்போது சாமர்த்தியமும் தேவையில்லை. கம்ப்யூட்டரே செய்து கொடுத்துவிடுகிறது.

அப்புறம், போனுக்கு மாநில எல்லை தெரியாது. நாகலாபுரத்துப் பெண்ணின் படத்தைச் சென்னையில் இருப்பவன் பரப்பினால் எந்த ஸ்டேஷனுக்குப் போவது? "இது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்புவது நம் காவல் நிலையங்களின் பழைய பழக்கம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை, அது எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று பெயர். உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பி வைப்பது அவர்கள் வேலை. இன்னொரு விஷயம்: தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அதன் கீழ் வரும் குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும். எஸ்.ஐ. மட்டும் உள்ள சின்ன ஊர் ஸ்டேஷனில், வழக்கு எந்த இன்ஸ்பெக்டரிடம் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

எல்லா வசவுக்கும் அந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை. புண்படுத்தும் செய்திகளைத் தண்டித்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்துவிட்டது. ஆனால் ஒருவரின் அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி எடுப்பதோ பரப்புவதோ, ஆபாசப் படம் வெளியிடுவதோ, வேறொருவர் பாஸ்வேர்டைத் திருடுவதோ இன்றும் குற்றம்தான். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படங்களுக்குத் தண்டனை இன்னும் கடுமை. சமூக வலைத்தளங்களிடமும் நேரடியாகப் புகார் செய்யலாம். மாற்றி ஒட்டிய படங்களையும் அந்தரங்கப் படங்களையும் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2021-ல் வந்த விதிகளே கெடு வைத்தன.

சரி, பிள்ளை சொல்லிவிட்டது. இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில், முழுவதையும் கேட்பது. "நீ என்ன பண்ணினே?" என்பது முதல் கேள்வியாக வரக் கூடாது. "நீயும் ரெண்டு கொடுக்க வேண்டியதுதானே?" என்பதும் கூடாது. திருப்பிக் கொடுக்க முடிந்திருந்தால் பிள்ளை நம்மிடம் வந்தே இருக்காது.

இரண்டாவது, போனைப் பிடுங்காதீர்கள். பெற்றோர் கோபத்தில் செய்கிற முதல் காரியம் இதுதான். பிள்ளையைப் பொறுத்தவரை சொன்னதற்குக் கிடைத்த தண்டனை அது. பெண் பிள்ளையாக இருந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அதோடு, ஆதாரமும் அந்தப் போனில்தான் இருக்கிறது. அழிப்பதற்கு முன் செய்திகளையும் படங்களையும் தேதி, பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2015 ஜூலையில் குண்டூர் அருகே ஆசார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழக விடுதியில் உயிரிழந்த முதலாண்டு மாணவி, மூத்த மாணவர்கள் தந்த தொல்லையை எழுதியே வைத்திருந்தார். அப்படியும் போதிய ஆதாரம் இல்லை என்று 2024-ல் குண்டூர் நீதிமன்றம் வழக்கில் இருந்தவர்களை விடுவித்தது. ஆதாரம் ஆரம்பத்திலேயே சேர்க்கப்பட வேண்டும்.

மூன்றாவது, பள்ளியில் எழுத்தில் புகார் கொடுங்கள். தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இதற்கென்று குழு இருக்க வேண்டும் என்று 2015-லேயே அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. கல்லூரிகளில், ராகிங் பற்றித் தகவல் கிடைத்து அது குற்றமாகத் தெரிந்தால் 24 மணி நேரத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும் என்கின்றன யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைகள். ஹிமாசலப் பிரதேசத்து மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் பலியான ஆண்டில் வந்தவை அவை.

பள்ளிக்கும் ஒரு வார்த்தை. இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்க வைத்து, "கை கொடுத்துக்கோங்க, இனிமே சண்டை போடக்கூடாது" என்று அனுப்புவது நம் தலைமை ஆசிரியர்களின் விருப்பமான தீர்ப்பு. இது சண்டை இல்லை. ஒருவன் அடித்தான், ஒருவன் பட்டான். எதிரே நிற்க வைத்தால், சொன்னது யார் என்பது அடித்தவனுக்கு உறுதியாகிவிடும். தனித்தனியே விசாரியுங்கள். அன்று மாலை அந்தப் பிள்ளை எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போகிறது என்று கேளுங்கள். சாதி கலந்த விவகாரமானால் போலீசுக்கு அன்றே தெரிவியுங்கள். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பெரிய பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது என்றது. கயிறு பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. புகாரைக் கேட்பதற்கென்றே ஒரு ஆள் என்ற யோசனை அதில் அமுங்கிவிட்டது.

நான்காவது, வேடிக்கை பார்ப்பவர்கள். பின்லாந்தில் உருவான 'கீவா' என்ற பள்ளித் திட்டம் அடிப்பவனையும் அடிபடுபவனையும் விட, சுற்றி நிற்பவர்கள் மீதே அதிகக் கவனம் செலுத்துகிறது. சிரிக்க ஆளில்லாவிட்டால் கிண்டல் செய்பவனுக்கு உற்சாகம் போய்விடும் என்பது அதன் அடிப்படை. உங்கள் பிள்ளை அடிக்கிறவனும் இல்லை, படுகிறவனும் இல்லை என்றால், அவன் வேடிக்கை பார்க்கிறவன். அவனிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது: அந்தப் படம் உன் போனுக்கு வந்ததா? வந்ததும் என்ன செய்தாய்?

கடைசியாக, அடிக்கிற பிள்ளை. டி.சி. கொடுத்து அனுப்பினால் அடுத்த பள்ளிக்குப் பிரச்சினை மாறும், அவ்வளவுதான். அவனுக்குத் தண்டனை வேண்டும். அவனோடு உட்கார்ந்து பேச ஒரு பெரியவரும் வேண்டும். நாங்குநேரியில் அரிவாள் எடுத்தவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பதை மறக்கக் கூடாது.

உதவிக்கு எண்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு 1098, சைபர் குற்றங்களுக்கு 1930, கல்லூரி ராகிங்குக்கு 1800-180-5522, மனம் உடைந்தவர்களுக்கு 14416. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளை முதலில் வருவது இந்த எண்களிடம் அல்ல, நம்மிடம். அது ஒருமுறைதான் சொல்லிப் பார்க்கும். அன்று நாம் ஒன்றும் செய்யவில்லை என்றால் மறுபடி சொல்லாது. தொல்லை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம்.