கல்யாணத்துக்கும் பர்மிட்டா?

ராஜபாளையத்து மில்லில் ஷிப்டு பார்த்த வாலிபன் ஒருவன், கூலி கட்டுப்படியாகாமல், வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு சிங்கப்பூர் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவன் மாடி மேல் மாடி கட்டலாம். கப்பல் பட்டறையில் இரும்பைப் பற்றவைக்கலாம். சாக்கடை தோண்டலாம். ஆனால் அந்நாட்டுப் பெண் ஒருத்தியும் அவனும் மனமொத்து, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினால்?

அவன் கையில் இருப்பது ஒர்க் பர்மிட். அதை வைத்திருப்பவன் சிங்கப்பூர்ப் பிரஜையையோ, நிரந்தர வாசியையோ மணக்க வேண்டுமென்றால் அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். சிங்கப்பூரில் வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து தாலி கட்டிக்கொள்கிறோம் என்றாலும் தப்ப முடியாது. பர்மிட் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் இந்த விலங்கு கழலுவதில்லை. மலேசியாவில் இன்னும் மோசம். தற்காலிக வேலைப் பாஸில் போன தொழிலாளி அங்கிருக்கும் வரை கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது!

இந்தச் சட்டம் எல்லோருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதே சிங்கப்பூரில், அதே விமானத்தில் போய் இறங்கிய என்ஜினீயருக்கும் மானேஜருக்கும் வேறு வகைப் பாஸ். அவர்கள் யாரை மணந்தாலும் எந்த அமைச்சகத்தையும் கேட்க வேண்டியதில்லை. காதலிலும் வர்க்க பேதம் உண்டா என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு பாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவோம். அவர்களுக்கு வேண்டியது தொழிலாளியின் இரண்டு கைகள் மட்டும். கைகளோடு மனிதனும் சேர்ந்து வந்து விடுகிறானே என்பதுதான் அவர்கள் சங்கடம்.

நம் நாட்டுத் தூதரகத்தில் போய்ச் செய்துகொள்ளலாமே என்பார்கள். உண்மைதான், 1969-ம் வருஷத்து வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஜோடியில் ஒருவர் இந்தியப் பிரஜையாக இருந்தால் போதும். தூதரகத்திலுள்ள திருமண அதிகாரியே மணம் செய்து வைக்கலாம். ஆனால் அந்தந்த நாட்டுச் சட்டம் அந்தக் கல்யாணத்தைத் தடுக்குமானால் அதிகாரி மறுக்கலாம் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆக, கை விலங்கைப் பூட்டியவன் ஒருவன். சாவி என்னிடம் இல்லை என்று கை விரிப்பவன் இன்னொருவன்.

சரி, நம் ஊரிலாவது வழி சுளுவாக இருக்கிறதா? இருவரும் இந்துக்களானால் கோவிலில் மாலை மாற்றலாம். 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி புரோகிதர் இல்லாமல் சீர்திருத்தக் கல்யாணமும் செய்யலாம். அந்தச் சீர்திருத்தக் கல்யாணம் முதன்முதலாக நடந்தது நமது ஜில்லாவில்தான், 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில். அதைச் சட்டம் ஒப்புக்கொள்ள நாற்பது வருஷம் பிடித்தது! இந்த இரண்டு வகைக்கும் முன்னறிவிப்பு நோட்டீஸ் கிடையாது. ஆனால் பெண்ணோ பிள்ளையோ வேறு மதம், வேறு தேசம் என்றால் 1954-ம் வருஷத்து விசேஷத் திருமணச் சட்டத்துக்குத்தான் வர வேண்டும். அங்கே காத்திருக்கிறது முப்பது நாள் கணக்கு.

மனுக் கொடுக்குமுன் இருவரில் ஒருவராவது அந்த ஜில்லாவில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். மனுக் கொடுத்த பிறகு, நோட்டீஸ் பலகையில் பெயர்களை ஒட்டி இன்னொரு முப்பது நாள். இருவருமே வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்றால் அறுபது நாள் ஆயிற்று. எந்தக் கம்பெனி தொழிலாளிக்கு இரண்டு மாதம் லீவு கொடுக்கிறது?

லீவு மட்டுமா பிரச்னை? அந்தப் பலகையை யார் வந்து படிக்கிறார்கள்? ஜாதிச் சங்கத்துக்காரனும் சொந்தக்காரனும் படிக்கிறார்கள். சொந்த ஊர் வேறு ஜில்லாவானால் அங்கேயும் ஒரு நகல் போய் ஒட்டப்படுகிறது. பெண்ணின் விலாசத்தைச் சர்க்காரே எழுதிக் கொடுத்த மாதிரி! 2016-ல் உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில், பட்டப்பகலில், ஜாதி மாறி மணந்த வாலிபனை வெட்டிச் சாய்த்த தேசம் இது. தானாகவே மணாளனைத் தேர்ந்துகொண்ட பெண்ணைத் தெய்வமாக்கி ஆடிப்பூரத்தன்று தேர் இழுக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர். அந்தத் தேர் ஓடும் தெருவில் ஒரு கூலிக்காரர் வீட்டுப் பெண் தானாக ஒருவனைத் தேர்ந்துகொண்டால் என்ன நடக்கும்? வாசகர்களுக்கே தெரியும்.

2021 ஜனவரியில் அலகாபாத் ஹைகோர்ட்டு, நோட்டீஸ் ஒட்டுவதா வேண்டாமா என்பதை ஜோடியே சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. அதைத் தேசம் முழுவதற்கும் சட்டமாக்கினால் என்ன? மத்திய சர்க்காரை நாம் கேட்கிறோம்.

நம் பக்கத்திலும் ஒரு நல்ல தீர்ப்பு உண்டு. கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சியில் ஒரு பெண், அமெரிக்கப் பிரஜையான இந்திய வம்சாவளி வாலிபர் ஒருவரை மணக்க மனுக் கொடுத்தார். முப்பது நாளும் கழிந்தது. இருவரும் நேரில் போயும் நின்றார்கள். காரியம் நடக்கவில்லை. லீவு முடிந்து மாப்பிள்ளை கடல் கடந்து போய்விட்டார். பெண் கோர்ட்டுக்குப் போனார். 2022 ஜூலையில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, மூன்று சாட்சிகள் முன்னிலையில் வீடியோ மூலமே கல்யாணத்தை நடத்திப் பதிவு செய்து கொடுக்க உத்தரவிட்டது. அமெரிக்காவிலிருக்கும் மாப்பிள்ளைக்குக் கிடைத்த அந்த வழி, குவைத்தில் லாரி ஓட்டுகிறவனுக்கும் கிடைக்க வேண்டாமா? ஒவ்வொருவரும் ஹைகோர்ட்டு ஏறித்தான் வாங்க வேண்டுமா?

இத்தகைய கல்யாணம் என்றால் ஆள்வோருக்கு எப்போதுமே நடுக்கம்தான். 1948-ல் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்க இளவரசர் செரெட்ஸே காமாவும், ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரக் குமாஸ்தாப் பெண்ணும் மணந்துகொள்ள நினைத்தபோது சர்ச் வழிவிடவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டு மணந்தார்கள். பக்கத்திலிருந்த தென்னாப்பிரிக்க நிறவெறி சர்க்கார் குதித்தது. அதன் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்குத் தேவை. ஆகவே செரெட்ஸே சொந்த மண்ணில் கால் வைக்கக் கூடாதென்று தடை! 1956 வரை நாடு திரும்ப முடியவில்லை. 1966-ல் போட்ஸ்வானா சுதந்திரம் பெற்றபோது அவரே முதல் ஜனாதிபதி, அந்த ரூத்தே அவர் மனைவி.

இப்போதே கல்யாண ஏற்பாட்டில் இருக்கும் தோழர்களுக்கு: நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் அதற்கு உயிர், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே விமான டிக்கெட்டுக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடுங்கள். உள்ளூரில் இருப்பவர் பெயரில் குடியிருப்பைக் காட்டி மனுக் கொடுத்தால் முதல் முப்பது நாள் மிச்சம். வெளிநாட்டுக்காரர் தமக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குத் தம் நாட்டுச் சான்றிதழைக் கையோடு கொண்டு வரட்டும். யாராவது ஆட்சேபணை கொடுத்தால், அதை விசாரித்து முடிவு சொல்ல அதிகாரிக்கு முப்பது நாள்தான் கெடு. அவர் மறுத்தால் முப்பது நாளுக்குள் ஜில்லா கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். ஜில்லா கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், வருமானம் குறைந்த விவசாயக் கூலிக்கும் வக்கீல் இலவசம்.