ஓங்கி அடித்தால் பேஸ் பேசாது

பேஸ் கிட்டாரில் ஸ்லாப் பழகும் பலருக்கும் ஒரே புலம்பல்தான். பாட்டில் கேட்டால் நெஞ்சில் வந்து இடிக்கும் அந்த ஒலி, நம் படுக்கையறையில் நாமே வாசித்தால் தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருக்கிறது. உடனே இன்னும் ஓங்கி அடிக்கிறோம். ஆம்ப்ளிஃபையரைக் கூட்டுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். அடுத்து இருநூறு வெள்ளிக்கு ஒரு பெடல் வந்து சேர்கிறது. அதற்கும் ஒலி மசியவில்லை என்றால், கிட்டார் அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறது.

அடுக்குமாடி வீட்டில் ஸ்லாப் பழகவே முடியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்த வாசிப்பு முறை பிறந்த கதையைக் கேட்டால், அதற்குச் சத்தம் முக்கியமில்லை என்பது புரியும்.

1960களில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் லேரி கிரஹாம் தம் தாயாரோடு சேர்ந்து கச்சேரி செய்துவந்தார். குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் விலகிப்போனார். அந்த வெற்றிடத்தை நிரப்ப, தடித்த தந்திகளைக் கட்டைவிரலால் அடித்தார் கிரஹாம். அது பேஸ் டிரம் ஆயிற்று. மெல்லிய தந்திகளை ஆள்காட்டி விரலால் இழுத்துவிட்டார். அது ஸ்னேர் டிரம் ஆயிற்று. பிறகு ‘ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்’ குழுவில் அவர் வாசித்த இந்த முறை உலகெங்கும் பரவியது. டிரம்ஸ் இல்லாத மேடையில் பிறந்ததுதான் ஸ்லாப். டிரம்ஸ் இல்லாத நம் வீட்டு அறையும் அதற்குப் பொருத்தமான இடமே.

மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் ஒருவர் மடியிலேயே உரையாடுவதுபோல, இங்கே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரையாடுகின்றன. எனவே முதலில் சரிசெய்ய வேண்டியது கையைத்தான்.

கட்டைவிரலின் பக்கவாட்டில், கணுவை ஒட்டிய எலும்புப் பகுதி தந்தியில் பட வேண்டும். படும் இடம், ஃபிரெட் பலகை முடியும் இடத்தை ஒட்டி இருக்கட்டும். தந்தி ஃபிரெட்டில் மோதும்போதுதான் அந்த உலோகக் கிணுக்கு பிறக்கிறது. அடித்த விரல் அங்கேயே தங்கினால் ஒலி செத்துவிடும். சுடு சட்டியைத் தொட்டதுபோல் உடனே மேலே துள்ளி வர வேண்டும். முழங்கையை வீசத் தேவையில்லை. கதவுப் பிடியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டு சுழன்றால் போதும். இழுக்கும் விரலுக்கும் இதே கதைதான்: நுனியை மட்டும் தந்திக்கு அடியில் கொடுத்து லேசாக விடுங்கள். வாசிக்காத தந்திகள் எல்லாம் இடக்கை விரல்களுக்கு அடியில் அடங்கியிருக்க வேண்டும். பலர் ‘மோசமான ஆம்ப்’ என்று திட்டுவது, உண்மையில் அடங்காத தந்திகளின் இரைச்சலைத்தான்.

அடுத்தது கருவி. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் தந்தி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் கை சோராது. அதைவிட வெகுவாக உயர்ந்திருந்தால் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். பெடலைவிட அது நல்ல செலவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்டுத் தந்திகள் சீக்கிரமே மங்கிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் அந்தப் பளிச்சென்ற ஒலி இன்னும் சில வாரங்கள் நிலைக்கும்.

சரி, கை திருந்திய பிறகும் வீட்டில் ஏன் ஒலி மெலிந்து கேட்கிறது? காரணம் நம் காது. ஒலி அளவு குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகளைக் காது கூடுதலாகத் தவறவிடும். இது மனிதக் காதின் இயல்பு. போதாக்குறைக்கு, பேஸின் அடித் தந்தி எழுப்பும் ஒலி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். சிறிய ஆம்பின் ஸ்பீக்கர் அதை முழுதாக எழுப்பாது. பேஸ் குமிழை எவ்வளவு திருகினாலும் பெட்டிதான் உறுமும். அதனால் பேஸைக் கொஞ்சமாக ஏற்றுங்கள். டிரெபிளையும் அதே அளவு ஏற்றுங்கள். மிட் குமிழை ஒரு சிறிது மட்டும் குறையுங்கள். மிட்டை முழுக்க வெட்டினால் தனியாக வாசிக்கும்போது இனிக்கும். நண்பர்களோடு வாசிக்கப் போனால் உங்கள் பேஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

ஆம்பைத் தரையிலோ சுவர் மூலையிலோ வைக்காதீர்கள். மூலையில் பேஸ் பெருத்து மழுங்கும். தரை வழியே அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகும். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு அதன்மேல் ஆம்பை வைத்து, உங்கள் காதைப் பார்க்கத் திருப்புங்கள். கிணுக்கு நேராகக் காதில் விழுவதால் ஒலியைக் கூட்டும் ஆசையே வராது. அறையும் தன் பங்குக்கு விளையாடும். 3 மீட்டர் அகலமுள்ள அறை 57 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானாகவே பெருக்கிக் காட்டும். விரல் வைக்காமல் வாசிக்கும் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் பூதாகரமாகக் கேட்டால் கிட்டாரைக் குறை சொல்லாமல், இரண்டடி நகர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

இரவில் ஹெட்ஃபோன்தான் வழி. ஆனால் புளூடூத் வேண்டாம். விரல் பட்டதற்கும் காதில் கேட்பதற்கும் இடையே விழும் தாமதம் தாளத்தையே குலைத்துவிடும். கம்பி உள்ளதை, மிதமான ஒலியில் பயன்படுத்துங்கள். கம்ப்ரஸர் என்ற வசதி இருந்தால் 4-க்கு 1 என்ற விகிதத்தில் தொடங்கலாம். வானொலியில் எங்கள் குரல் கிசுகிசுத்தாலும் சிரித்தாலும் ஒரே சீராகக் கேட்பது இதன் தயவில்தான். ஒரு எச்சரிக்கை: அது கையின் குறைகளையும் மூடி மறைக்கும். பயிற்சியின் முதல் பாதியில் அணைத்தே வையுங்கள்.

பயிற்சிக்கு நம்மிடமே நல்ல கருவி இருக்கிறது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ‘தகதிமி’ சொல்லுங்கள். ‘த’வுக்குக் கட்டைவிரல், ‘க’வுக்கு இடக்கையால் அடக்கிய தந்தியில் ஒரு தட்டு, ‘தி’க்கு இழுப்பு, ‘மி’க்கு மௌனம். அந்த மௌனம் சுத்தமாக விழுந்தால்தான் அடுத்த ‘த’ இடிக்கும்.

ஒரு வாரம் கழித்துச் சோதித்துப் பார்க்கலாம். ஆம்பை மிகத் தாழ்வாக வைத்து, அறைக் கதவைத் திறந்துவிட்டு வாசியுங்கள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவோ தங்கையோ, தொலைக்காட்சியைப் பார்த்தபடியே காலால் தாளம் போட்டால், பெடல் வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு செட் புதுத் தந்தி வாங்கிக்கொள்ளுங்கள்.