உண்டியல் யாருடையது?

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி சைக்கிள் வாங்கச் சேர்த்துவைத்த உண்டியல் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தாள். சேதி பரவியதும் ஹீரோ சைக்கிள்ஸ் நிறுவனம் அவளுக்குப் புது சைக்கிள் தர முன்வந்தது. எல்லோரும் சைக்கிளைப் பேசினார்கள். எனக்கு அந்த உண்டியல்தான் முக்கியமாகப் படுகிறது. கொடுத்தது அவள் பணம், ஆசையும் அவளுடையது. நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. பத்து ரூபாயைப் பிள்ளையின் கையில் திணித்து, “அந்தத் தாத்தாவுக்குப் போடு கண்ணு” என்கிறோம். அது நம் தர்மம். பிள்ளை வெறும் தபால்காரர். கனடாவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் தின்பண்டத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டபோதைவிட ஒரு பொம்மைக்குக் கொடுத்தபோது அதிகம் மகிழ்ந்தார்கள். தங்கள் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது முகம் இன்னும் மலர்ந்தது. ஜெர்மனியில் 2008இல் வந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது: உதவி செய்ததற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பிறகு மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். ஆகவே, கொடுத்த பிள்ளைக்கு உடனே சாக்லேட்டும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். மாதம் கொஞ்சம் காசை அவர்கள் பொறுப்பில் விடுவோம். யாருக்கு, எவ்வளவு என்று அவர்களே முடிவு செய்யட்டும். சில மாதம் மொத்தத்தையும் மிட்டாய்க்கே செலவழித்தாலும் திட்ட வேண்டாம். மறுக்கும் உரிமை இருப்பவர் கொடுத்தால்தான் அது கொடை.