பழைய டெலிவிஷன் பெட்டி வீணாகிவிட்டதா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் ஏற்காடு. சேர்வராயன் மலையில் சுமார் 5 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் சிறு சிறு மலைக்கிராமங்கள்.

மழையும் பனியும் மூடிய மாலை நேரத்தில், அந்தக் கிராமங்களில் டெலிவிஷன்தான் சினிமாக் கொட்டகை. செய்தி சொல்வதும், புயல் வருகிறது என்று எச்சரிப்பதும் அதுதான். அந்தப் பெட்டிக்குப் படம் வரும் முறை இப்போது மாறிவிட்டது.

மாறியது என்ன?

சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ந் தேதி டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியது. அப்போது இருந்தது 'அனலாக்' முறை. அலை குறைந்தால் படத்தில் புள்ளி விழும். ஆனாலும் ஆள் தெரியும்.

புதிய முறைக்கு 'டிஜிட்டல்' என்று பெயர். இதில் படமும் குரலும் எண்களாக மாற்றி அனுப்பப்படுகின்றன. ஒரு சேனல் போன இடத்தில் பல சேனல்கள் போகலாம். அலை போதுமானால் படம் பளிச்சென்று இருக்கும். போதாவிட்டால் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும்.

கேபிளில் இந்த மாற்றத்துக்கு 2011-ல் சட்டம் வந்தது. முதலில் பெருநகரங்கள் மாறின. கிராமங்களுக்கு 2017 மார்ச் 31 கெடு. தூர்தர்ஷனும் 2022 மார்ச் 31-க்குள் சுமார் 50 நிலையங்கள் தவிர மற்ற அனலாக் நிலையங்களை மூடுவதென்று முடிவு செய்தது.

பெட்டியை எறிய வேண்டாம்

2006 முதல் தமிழக அரசு ஏழை வீடுகளுக்கு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுத்தது. அந்தப் பழைய பெட்டியிலும் டிஜிட்டல் படம் பார்க்கலாம். எண்களைத் திரும்பப் படமாக்க ஒரு 'செட்டாப் பாக்ஸ்' இருந்தால் போதும். பழைய பெட்டியில் இருக்கும் மஞ்சள், வெள்ளை நிறத் துளைகள் அதிலும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கேபிள் கம்பி எட்டாத வீட்டுக்கு டிஷ் இருக்கிறது. தூர்தர்ஷனின் 'பிரீ டிஷ்' சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவை வாங்கினால் போதும்.

கோபுரத்திலிருந்து வரும் அலையை மலை மறிக்கும். டிஷ்ஷுக்கு அந்தக் கவலை குறைவு. அதன் செயற்கைக்கோள் ஏற்காட்டுக்குத் தென்கிழக்கே, வானத்தில் வெகு உயரத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் மரக்கிளை மறைக்காத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். பெருமழையில் படம் சற்று நேரம் நின்றால் பயப்பட வேண்டாம். மழை விட்டதும் தானாக வரும்.

செலவு யாருடையது?

அமெரிக்கா 2009-ல் மாறியபோது, வீட்டுக்கு 2 வீதம் 40 டாலர் கூப்பன் கொடுத்தது. தமிழக அரசு 2017-ல் அரசு கேபிள் சந்தாதாரர்களுக்கு செட்டாப் பாக்ஸை இலவசமாகக் கொடுத்தது.

ஆனால், கேபிளே போகாத கிராமத்தில் சந்தாதாரர் ஏது? அங்கே டிஷ் வாங்க கூலிக்காரர் தம் சில நாள் கூலியை எடுத்து வைக்க வேண்டும்.

தொலைதூரப் பகுதிகளுக்கும் பழங்குடியினர் பகுதிகளுக்கும் 8 லட்சத்துக்கு மேற்பட்ட பிரீ டிஷ் பாக்ஸ்களை இலவசமாக வழங்கும் திட்டத்துக்கு 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. இத்தகைய உதவி முதலில் ஏற வேண்டிய இடம் இதுபோன்ற மலைதான்.

பழைய ஒளிபரப்பை நிறுத்த ஒரு நாள் போதும். கடைசி வீட்டுக்கும் புதிய படம் போய்ச் சேர்ந்தால்தான் மாற்றம் முடிந்ததாக அர்த்தம்.