பழைய வண்டிக்குப் புதிய பாகம்: பெயர் சொல்லி விற்போம்

நம் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்தில் ஒரு விந்தை நடந்து வருகிறது. உற்பத்தி நின்றுபோன டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் பாகங்களுக்கு, ஓடுகிற மாடல்களுக்கு இணையாகக் கிராக்கி இருக்கிறது. யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி 1985-ல் வந்து 1996-ல் நின்றது. ஜாவா, யெஸ்டி தயாரித்த மைசூர் ஆலையும் 1996-ல் மூடப்பட்டது. 1984-ல் ஓசூரில் பிறந்த இண்ட்-சுசுகியும், 1983-ல் வந்த ராஜ்தூத் 350-ம் இன்று சாலையில் தென்பட்டால் நின்று பார்க்கிறார்கள். 1996-லும் 2000-லும் புகை விதிகள் இறுகிய பிறகு இந்த இனமே படிப்படியாக மறைந்தது. 2018-ல் ஜாவாவும் 2022-ல் யெஸ்டியும் மீண்டும் வந்தன என்றாலும், அவை ஃபோர்-ஸ்ட்ரோக். அவற்றின் பாகம் பழைய வண்டிக்குச் சேராது.

ஆனால் பழைய வண்டிகள் சாகவில்லை. அப்பா ஓட்டியதைப் பிள்ளை செலவழித்துப் புதுப்பிக்கிறான். லூதியானா, டெல்லி, ராஜ்கோட் என்று பல ஊர்ப் பட்டறைகளிலிருந்து பாகங்கள் வருகின்றன. இதை நாம் குறை கூறவில்லை. மறு உற்பத்தி இல்லையென்றால் இந்த வண்டிகளில் பெரும்பகுதி என்றோ புதுப்பேட்டையில் எடைக்குப் போயிருக்கும். நம் கவலை வேறு. லோக்கல் சரக்கு கம்பெனிப் பெட்டியைப் போன்ற பெட்டியில் ஏறி, 'ஒரிஜினல்' என்ற பெயரில் கடைக்கு வருகிறதே, அதுதான் கவலை.

இந்த வண்டிகளில் அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை விற்பவர் அறிந்திருக்க வேண்டும். இந்த டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களில் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உள்ளது போன்ற வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட்டுகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. பிஸ்டனின் ரிங் காடியில் ஒரு சிறு பின் உண்டு. ரிங்கின் வாய் போர்ட்டுக்கு நேராகப் போகாமல் அது தடுக்கும். பின்னின் இடம் சற்றே மாறினாலும் ரிங் போர்ட்டில் மாட்டி முறியும், சிலிண்டரும் வீணாகும். கிராங்க் ஆயில் சீல் காற்றுக் கசிந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி, ஓடுகிற வண்டி சீஸ் ஆகும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. பிரேக் ஷூவில் லைனிங் சரியாக ஒட்டாமல் பிய்ந்து வந்தாலும் அதே கதிதான்.

சைலன்சரும் அப்படியே. ஆர்.எக்ஸ். 100 வெறும் 98 சி.சி.யில் 11 குதிரைத் திறன் தந்ததற்கு, போர்ட்டும் சைலன்சரின் உட்கூம்பும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தது ஒரு முக்கியக் காரணம். வெளியே பளபளவென்று குரோமியம் பூசி, உள்ளே கூம்பின் நீளத்தை மாற்றிவிட்டால் இழுவை போய்விடும். குரோமியத்துக்கு அடியில் நிக்கல் பூச்சை மிச்சம் பிடித்திருந்தால் ஒரே மழைக்காலத்தில் துரு எட்டிப் பார்க்கும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. 'பழைய ஸ்டாக், கம்பெனி அயிட்டம்' என்றால் கேட்ட விலை கிடைக்கிறது. பிஸ்டன், கியர் போன்றவை துருவின்றிக் காப்பாற்றப்பட்டிருந்தால் அந்த மதிப்பு நியாயமே. ஆனால் 1990-ல் செய்த ரப்பர் சீல் இன்று விறைத்துப் போயிருக்கும். நல்ல பட்டறையில் இந்த ஆண்டு செய்த சீல் அதைவிட மேலானது. பெட்டியின் வயதுக்கு விலை வைப்பது பழம்பொருள் வியாபாரம். நம்முடையது ஓடுகிற வண்டிக்கான வியாபாரம்.

சட்டமும் நம்மை விட்டுவைக்கவில்லை. பொய்யான டிரேட் மார்க் இட்ட சரக்கை விற்பவருக்கு, 1999-ம் ஆண்டு டிரேட் மார்க்ஸ் சட்டத்தின் 104-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 2 லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. தெரியாமல் விற்றேன் என்பவர் யாரிடம் வாங்கினார் என்று காட்டவேண்டும். பில் இல்லாதவர் எதைக் காட்டுவார்? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, தயாரித்தவர் யாரென்று அறிய முடியாத பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்ற கடைக்காரரையே பொறுப்பாளி ஆக்குகிறது. பெயரில்லாத சரக்கை அடுக்கி வைப்பவர் இன்னொருவரின் பழியையும் சேர்த்து அடுக்கி வைக்கிறார்.

நேர்மையாக விற்க வழி அடைபட்டிருக்கிறதா? இல்லை. 'ஆர்.எக்ஸ். 100-க்குப் பொருந்தும்' என்று எழுதி, தன் சொந்தப் பெயரையும் தெளிவாகப் போட்டு ஒருவர் பாகம் விற்பதை அதே டிரேட் மார்க்ஸ் சட்டத்தின் 30-வது பிரிவு அனுமதிக்கிறது. எதற்குப் பொருந்தும் என்று சொல்லலாம், யார் செய்தது என்பதில் பொய் கூடாது. வரியைச் சாக்காகச் சொல்வோருக்கும் பதில் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பில் போட்டால் கட்டாது என்ற பேச்சுக்கு முன்பிருந்த பலம் இப்போது இல்லை.

மொத்த வியாபாரிகளின் பொறுப்பே இதில் முதலாவது. ரேட்டை மட்டும் கேட்டுக் கொள்முதல் செய்தால் பட்டறைக்காரர் உலோகத்தில்தான் மிச்சம் பிடிப்பார். ஆகவே சில நடைமுறைகளை முன்வைக்கிறோம். தயாரிப்பாளர் பெயரும் ஊரும் இல்லாத பெட்டியை இறக்க வேண்டாம். பில்லில் 'பிஸ்டன் செட் 1' என்று மட்டும் எழுதாமல் மேக்கையும் எழுதுவோம். புதிய லாட் வந்தால் நாலு பிஸ்டனை எடுத்து, நம்பிக்கையான போரிங் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்போம். மெக்கானிக் குறை சொல்லிக் கொண்டுவரும் சரக்கை வாங்கி, குறிப்பு எழுதி, தயாரித்தவருக்கே திருப்பி அனுப்புவோம். திருத்திக்கொள்ளும் பட்டறைக்கு நாலு காசு கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

சில்லறைக் கடை நண்பர்கள் வாடிக்கையாளரிடம் மூன்று தரத்தையும் மூன்று விலையையும் சொல்லட்டும். இது பழைய கம்பெனி ஸ்டாக், இது பெயருள்ள லோக்கல், இது மலிவு என்று எடுத்து வைத்தால், ஆசைப்பட்டு வண்டியைப் புதுப்பிக்கிறவர் பெரும்பாலும் நடுவில் உள்ளதையே எடுப்பார். பிஸ்டன், சீல், பிரேக் ஷூ மூன்றிலும் மலிவுத் தரத்தை ரேக்கிலேயே வைக்காமல் இருப்பது மேல். அடுத்த சங்கக் கூட்டத்தில், நல்ல தரம் தரும் பட்டறைகளின் பட்டியலை உறுப்பினர்கள் ஆளுக்கு இரண்டாகக் கொண்டுவந்தால், இந்த வேலையை அன்றே தொடங்கிவிடலாம்.