ஓய்வு வேளை: பையிலேயே தங்கிவிடும் மருந்து

நம் சங்கத்து இல்லங்களில் பிள்ளைகளும், சில இடங்களில் பெரியவர்களும், ஓய்வு நேரத்தில் கணினி விளையாட்டில் ஈடுபடுவது யாவரும் அறிந்ததே. அது நன்றா, தீதா என்னும் வழக்கை இம்மாதம் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆடுவதென்று வந்துவிட்டால் அறிவோடு ஆட வேண்டும் என்பதே நம் கட்சி. ஆதலின், ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் மாய உலக ஆட்டத்தில், அழுத்திய மாத்திரத்தில் பலன் தரும் பொருள்களை எப்பொழுது, எவ்வாறு கையாளுவது என்பதை இவ்விதழில் ஆராய்வோம்.

இவ்வாட்டத்தைப் பிளிஸார்டு நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. அதன் பழைய வடிவம் ‘கிளாசிக்’ என்ற பெயருடன் 2019 ஆகஸ்டில் மீண்டும் வந்தது. 2023 ஆகஸ்டு 24 முதல் அதில் ‘ஹார்ட்கோர்’ என்னும் தனிக் களங்களும் திறக்கப்பட்டன. சாதாரணக் களத்தில் ஒரு பாத்திரம் மடிந்தால், ஆவியாக நடந்து சென்று தன் உடலை மீண்டும் அடையலாம். ஹார்ட்கோர் களத்தில் உயிர் ஒன்றே; மடிந்தவர் அங்கே எழுவதில்லை. அப்பாத்திரத்தைச் சாதாரணக் களத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் ஒரே உயிரில் 60ஆம் நிலையை எட்டும் முயற்சி அத்துடன் முற்றுப்பெறுகிறது.

இதில் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். வேலையின் பொருட்டு அண்ணன் ஓரூரிலும், படிப்பின் பொருட்டுத் தங்கை வேறோர் ஊரிலும் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஞாயிற்றுக்கிழமை இரவில் அவர்கள் இருவரும் கூடிப் பேசிக் களிக்கும் இடம் இவ்வாட்டக் களமாகவே இருப்பதுண்டு. அங்கே ஒருவருடைய பாத்திரம் மடிந்தால், இருவரும் சேர்ந்து நடந்த வழி நடுவிலேயே நின்றுவிடுகிறது.

உடனடிப் பொருள் யாது?

இவ்வாட்டத்தில் பெரும்பாலான காரியங்களுக்குக் காலம் வேண்டும். காயம் ஆற்றும் பெரிய மந்திரத்துக்கு ஏறக்குறைய 3 வினாடி ஆகும்; இடையே அடி விழுந்தால் அது மேலும் தாமதமாகும். கட்டுத்துணி போட 8 வினாடி ஆகும். அடி விழுந்தால் கட்டு கலைந்துபோகும். ஊர் திரும்ப உதவும் ஹார்த்ஸ்டோனுக்கு 10 வினாடி வேண்டும். இவையன்றி, ஒரு வித்தையைச் செய்தபின் மற்றொன்றைத் தொடங்குமுன் பெரும்பாலோர்க்கு ஒன்றரை வினாடிப் பொது இடைவெளியும் உண்டு.

மருந்துக் குப்பிகளுக்கு இத்தடைகள் இல்லை. அழுத்தியவுடன் பலன் கிட்டும். பொது இடைவெளியும் அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆதலால் ஒரு வித்தையைச் செய்துவிட்டு, அதன் இடைவெளி முடியுமுன்பே மருந்தையும் அருந்தலாம். மந்திரவாதியின் வாயை எதிரி கட்டிவிட்டாலும் மருந்து அருந்தத் தடையில்லை. பிற காரியங்களுக்கு நேரமில்லாத அந்த ஓரிரு வினாடியே இவற்றுக்குரிய வேளையாகும்.

எல்லாக் குப்பிக்கும் ஒரே வாசல்

இங்கே முக்கியமான விதி ஒன்றுண்டு. கிளாசிக் ஆட்டத்தில் ஒரு குப்பியை அருந்தினால், மற்றெந்தக் குப்பியையும் 2 நிமிடம் வரை தொட இயலாது. காயம் ஆற்றுவது, விரைவு தருவது, காப்பு அளிப்பது யாவும் ஒரே வாசல் வழியே வருவன. எனவே, எந்தக் குப்பியை முதலில் எடுப்பது என்பதே கேள்வி.

ஓடித் தப்புவதென முடிவு செய்தால் ‘ஸ்விஃப்ட்னெஸ்’ குப்பியை எடுக்க வேண்டும். அது 15 வினாடிக்கு ஓட்டத்தை 50 சதவிகிதம் கூட்டுகிறது. சாதாரண ஓட்டம் வினாடிக்கு 7 கஜம். குப்பி அருந்தினால் பத்தரை கஜம். துரத்தும் எதிரிகள் பெரும்பாலும் நம் சாதாரண ஓட்டத்தைவிடச் சற்று விரைவாகவே வருவர். ஆகவே வெறுங்காலால் ஓடித் தப்புவது அரிது. அன்றியும், புறங்காட்டி ஓடுகையில் முதுகில் அடி விழுந்தால் தடுமாற்றம் உண்டாகி வேகம் பாதியாகிவிடலாம். ஆதலின் முதலில் குப்பி, பிறகு ஓட்டம் என்பதே முறை. ஓடிப் பார்த்துவிட்டுக் குப்பியைத் தேடுவது பயன் தராது.

காயத்தை ஆற்றிக்கொண்டு நின்று போரிடுவதெனில் ‘ஹீலிங்’ குப்பி தகும். வார்லாக் என்னும் மந்திரவாதி செய்து தரும் ஹெல்த்ஸ்டோன் இவ்விரண்டு நிமிட விதிக்குள் அடங்காது. அதுவும் குப்பியும் இருந்தால் அடுத்தடுத்து இருமுறை உயிர் பெறலாம். அல்லது கல்லால் காயத்தை ஆற்றிக்கொண்டு, விரைவுக் குப்பியால் ஓடலாம். கூட்டத்தில் வார்லாக் இருந்தால் புறப்படுமுன்பே கல்லைக் கேட்டு வாங்கிக்கொள்க. ஆட்டத்தை விட்டு வெளியேறி 15 நிமிடம் கடந்தால் அக்கல் மறைந்துவிடும். ஆகவே அதைச் சேமித்து வைக்க வழியே இல்லை.

சில குப்பிகள் ஆபத்து வருமுன்பே அருந்த வேண்டியவை. ‘ஃப்ரீ ஆக்ஷன்’ குப்பி 30 வினாடிக்கு மயக்க அடியையும் காலைக் கட்டும் தந்திரங்களையும் தடுக்கும். முன்பே நேர்ந்துவிட்ட கட்டை அது அவிழ்க்காது. ‘லிமிடெட் இன்வல்னரபிலிட்டி’ குப்பி 6 வினாடிக்கு உடல் வழி அடியை முற்றும் தடுக்கும். மந்திர நெருப்பைத் தடுக்காது. அந்த 6 வினாடியில் எதிரி நம்மை விட்டு அருகிலுள்ள தோழர்மேல் திரும்புவான் என்பதையும் மறத்தல் கூடாது. அருந்துமுன் தோழருக்குச் சொல்லிவிடுதல் கடமையாகும்.

சேமிப்பு எங்கே பிழையாகிறது?

நாம் அறிந்த ஓர் இல்லத்து அண்ணன் தங்கை இருவர் பத்து ஞாயிறுகள் ஆடி 15ஆம் நிலையை நெருங்கியிருந்தனர். அண்ணனுடையது வாரியர் பாத்திரம், தங்கையுடையது பிரீஸ்ட். வெஸ்ட்ஃபால் என்னும் வயல்வெளியில் டெஃபியாஸ் பில்லேஜர் என்ற கொள்ளையர் நெருப்புருண்டை எறிவர். ஹார்ட்கோர் ஆடுவோர் அப்பெயரைக் கேட்டாலே அஞ்சுவர். அமெரிக்கக் களம் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அண்ணன் ஒருவனோடு போரிடுகையில் இரண்டாமவனும் சேர்ந்துகொண்டான். பையில் ‘லெஸ்ஸர் ஹீலிங்’ குப்பி மூன்றும், விரைவுக் குப்பி ஒன்றும் இருந்தன. பின்னால் பெரிய போருக்கு உதவும் என்று அவன் அவற்றைத் தொடவில்லை. தங்கையின் மந்திரம் முடியுமுன் அவன் பாத்திரம் வீழ்ந்தது. தங்கை தன் விரைவுக் குப்பியை அருந்தி ஒரு வீட்டின் பின்னே மறைந்து ஓடிப் பிழைத்தாள்.

சிக்கனம் நம் குடும்பங்களுக்கு ஊறிப்போன குணம். ஊர் விட்டு ஊர் வந்தவர்க்கு அது அழகே. ஆனால் இங்கே கணக்கைப் பார்க்க வேண்டும். லெஸ்ஸர் ஹீலிங் குப்பி தருவது 140 முதல் 180 வரையான உயிர்ப்புள்ளி. 15ஆம் நிலையில் அது பேருதவி. 60ஆம் நிலையில் ஆயிரக்கணக்கான புள்ளிகளோடு நிற்பவர்க்கு அது ஒரு துளி. அங்கே வேண்டுவது 1050 முதல் 1750 வரை தரும் ‘மேஜர் ஹீலிங்’ குப்பி. இன்றைய குப்பியை நாளைக்கு வைத்தால் அதன் மதிப்பு தேய்கிறதேயன்றி வளர்வதில்லை.

ரயில் கார்டின் பெட்டியில் வெடி சிக்னல்கள் இருக்கும். தடம் தடைப்பட்டால், எதிர்வரும் வண்டி கண்ணுக்குத் தெரியட்டும் என்று அவர் காத்திருப்பதில்லை. முன்னே சென்று தண்டவாளத்தில் வைத்துவிடுகிறார். குப்பியையும் அவ்வாறே கருதுக.

கைக்கொள்ள வேண்டிய முறை

முதலாவது, குப்பிகளைப் பையில் புதைக்காமல் திரையின் கீழ்ப்பட்டையில் வைத்து, இடக்கை விரலுக்கு எட்டும் விசையை ஒதுக்குக. அந்த இடத்தை ஒருபோதும் மாற்றற்க.

இரண்டாவது, எந்த அளவில் அருந்துவது என்பதைப் போர் தொடங்குமுன்பே முடிவு செய்க. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள சர்வரோடு இணைந்து ஆடும் நம்மவர்க்கு, விசையை அழுத்திய செய்தி அங்கே சென்று சேரச் சிறிது தாமதம் உண்டு. ஆதலின் உயிர்ப்புள்ளி பத்தில் ஒன்றாகும் வரை பொறுப்பது ஆபத்து. இரண்டாவது எதிரி எதிர்பாராமல் வந்து சேர்ந்தாலோ, உயிர் பாதியாகக் குறைந்தாலோ அருந்திவிடுவது நம் பரிந்துரை.

மூன்றாவது, அருந்தியதை ஊர் திரும்பியவுடன் நிரப்புக. மூலிகை பறித்துக் குப்பி செய்யும் தொழிலைக் கூட்டத்தில் ஒருவராவது கற்றிருப்பது நலம். ஆட்டத்துப் பொன்னை உண்மைப் பணத்துக்கு விற்போர் சிலர் வலைவீசக்கூடும். அது ஆட்ட விதிக்கு முரண். கணக்கு முடக்கப்படவும் ஏதுவாகும். பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

மேற்சொன்ன தங்கை, பிழைத்த தன் பாத்திரத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அண்ணனோடு முதல் நிலையிலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கிறாள். இம்முறை குப்பிகளை இருவருக்கும் பங்கிடும் பொறுப்பு அவளுடையது என்று கேள்வி.

அடுத்த இதழில், கட்டுத்துணியை எந்த இடைவேளையில் போடுவது என்பதைக் காண்போம்.